சென்னையில் கடன் வாங்காமல் வாழ எவ்வளவு சம்பளம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் உதவி மையம் ஒன்றில் உட்கார்ந்து, வருகிறவர்களுடைய சம்பளச் சீட்டையும் வீட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது என் வேலை. அதற்கு முன்பு பல வருடம் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போட்டவன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாழ்வதற்கான கூலி என்றால் என்ன? அதுதானே குறைந்தபட்சக் கூலி?

இரண்டும் ஒன்றல்ல. குறைந்தபட்சக் கூலி என்பது அரசு அறிவிக்கும் தொகை. அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம். வாழ்வதற்கான கூலி என்பது ஒரு குடும்பம் வயிறார சாப்பிட்டு, வாடகை கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்த்து, நாலு காசு மிச்சமும் பிடிக்கத் தேவைப்படும் தொகை. அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு இதைத் தொழிலாளர் எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. 1948இல் நியாய ஊதியக் குழுவும் குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்வதற்கான கூலி என்று மூன்று படிகளைப் பிரித்துச் சொன்னது. நாம் இன்னும் முதல் படியிலேயே தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

வருகிறவர்களிடம் நான் இதை இன்னும் எளிதாகச் சொல்வேன்: கைமாத்து வாங்காமல், எதையும் அடகு வைக்காமல் 12 மாதமும் ஓட்ட முடிகிற சம்பளம்.

அரசு குறைந்தபட்சக் கூலியை எதை வைத்து முடிவு செய்கிறது?

1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் கொடுத்தது. சம்பாதிக்கும் ஒருவரை நம்பி மூன்று 'நுகர்வு அலகு' இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும்: கணவன் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6. ஓர் அலகுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் வாங்கும் குறைந்தபட்ச வாடகை. அப்புறம் விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். 1991இல் ராப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தையும் சேர்க்கச் சொன்னது.

அந்தக் காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம். ஒரு மனிதனுக்கு என்ன தேவை என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்களே! ஆனால் 0.8 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. விடிகாலை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று, அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பெண்ணுக்கு எப்படிக் குறைவாகப் பசிக்கும்?

இதைவிடப் பெரிய ஓட்டை வாடகையில் இருக்கிறது. கூலிச் சட்டத் தொகுப்புக்காக 2020இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள், உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவீதத்தை வாடகையாக வைத்தன. கீழே வரும் குடும்பத்துக்கு அப்படிக் கணக்குப் போட்டால் வாடகை 1,330 ரூபாய்க்கு மேல் வராது. சென்னையில் அந்தப் பணத்துக்கு பைக் நிறுத்த இடம் கிடைக்கலாம்.

சரி, கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

வீட்டை நடத்துகிறவரிடமிருந்து. பெரும்பாலும் அது பெண்தான். சம்பளச் சீட்டோடு கணவர் மட்டும் வந்தால், அடுத்த வாரம் வீட்டில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். மளிகைக்கு எவ்வளவு என்று அவரைக் கேட்டால் "ஒரு மூவாயிரம் ஆகும் சார்" என்பார். அவர் மனைவியைக் கேட்டால் மாதத் தொடக்கத்தில் அண்ணாச்சி கடையில் வாங்கியது, 20ஆம் தேதிக்கு மேல் சில்லறையாக வாங்கியது, நோட்டில் எழுதிவிட்டு வந்த கடன் என்று மூன்று தொகை சொல்வார். உண்மையான கணக்கு அந்த மூன்றையும் கூட்டியதுதான்.

எவ்வளவு செலவாகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் எதை விட்டீர்கள் என்றும் கேளுங்கள். "கறி எடுக்கவில்லை", "பையனுக்குக் கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், தள்ளிப் போட்டிருக்கிறோம்" என்று பதில் வரும். இவற்றை எழுதாமல், செய்த செலவை மட்டும் கூட்டினால் கிடைப்பது வாழ்வதற்கான கூலி இல்லை. இப்போதைய வறுமையின் விலை அது. நிறைய கணக்குகள் இந்த இடத்தில்தான் கெடுகின்றன. 15,000 ரூபாய் வாங்குகிறவர் 15,000 ரூபாய்க்குள் எப்படியோ வாழ்ந்து காட்டுகிறார், அதனால் 15,000 போதும் என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள். ஜூனில் பள்ளிக்கூடம், ஐப்பசியில் தீபாவளி, தையில் ஊருக்குப் போய் வருவது, வைகாசியில் வரிசையாகக் கல்யாண மொய். இவற்றை 12ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். போன் ரீசார்ஜில் இதற்கு நேர்மாறான தந்திரம் இருக்கிறது. 28 நாள் திட்டம் போட்டால் வருடத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை கட்டுகிறோம்.

ஒரு குடும்பத்தின் கணக்கை முழுதாகக் காட்ட முடியுமா?

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு குடும்பம். கணவர் கிண்டியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. அந்த அக்கா அடுக்குமாடி வீடுகள் இரண்டில் அரை நாள் சமைக்கிறார். இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளி. 2025 கடைசியில் என் மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. உங்கள் தெருவில் விலை வேறாக இருக்கலாம், போடும் முறை இதுதான்.

ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்கு வாடகை 8,500. கரண்ட் சப் மீட்டரில், யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 90 யூனிட்டுக்கு 810. குடிக்கக் கேன் தண்ணீர், 35 ரூபாய் வீதம் 12 கேனுக்கு 420. ஆக, வீட்டுக்கு மட்டும் 9,730.

அடுப்படி. ஆவின் நீல பாக்கெட் தினமும் ஒரு லிட்டர், மாதம் 1,200. கேஸ் சிலிண்டர் 870 ரூபாய் அளவு, 40 நாள் வருகிறது, மாதத்துக்கு 650. ரேஷன் அரிசி போக வெளியில் 15 கிலோ வாங்க 900. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சோப்பு எல்லாம் சேர்ந்த மளிகை 3,600. காய்கறி நாளுக்கு 80 வீதம் 2,400. நாலு ஞாயிறு கறி அல்லது மீன் 1,400. முட்டை 350. இரண்டு பேரும் வேலை இடத்தில் குடிக்கும் டீ 800. மொத்தம் 11,300.

கணவருக்கு மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் பாஸ். அக்காவுக்குப் பேருந்து இலவசம், ஆனால் நிறுத்தத்திலிருந்து வேலை வீட்டுக்கு ஷேர் ஆட்டோ வேண்டும். போக வர 40 வீதம் 26 நாளுக்கு 1,040. டியூஷன், நோட்டு, ஷூ சேர்த்துப் பிள்ளைகளுக்கு 1,700. இரண்டு போனுக்கு 760. மருந்து, டாக்டர் 1,000. துணி, பண்டிகை, ஊர்ப் பயணம், மொய் எல்லாம் வருடத்துக்கு 24,000, மாதத்துக்கு 2,000. ஊரில் இருக்கும் மாமியாருக்கு 2,000. மிக்ஸி, ஃபேன், குக்கர் பழுதுக்கு 500.

இதுவரை 31,030. இதோடு 5 சதவீதம், அதாவது 1,550, ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். மொத்தம் 32,580 ரூபாய்.

அந்த அக்கா இந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல நாங்க எதையும் அதிகமா எழுதலையே தம்பி" என்றார். சினிமா, ஹோட்டல் எதுவுமே அதில் இல்லை. நான்தான் கறியை மூன்று வாரத்திலிருந்து நாலு வாரமாக்கினேன்.

அப்படியென்றால் ஒருவருக்கு 32,580 சம்பளமா?

எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1957 சூத்திரம் ஒருவர் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓட வேண்டும் என்றது. இன்று உலக அளவில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடுக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளை வளர்க்கும் வருடங்களில் இருவரும் முழுநேர வேலைக்குப் போக முடிவதில்லை. இந்தக் குடும்பத்துக்கு 1.5 பொருந்துகிறது. வகுத்தால் ஒரு முழுநேர வேலைக்குக் கையில் 21,720 ரூபாய் வர வேண்டும்.

கையில் வருவது வேறு, மொத்தச் சம்பளம் வேறு. பி.எஃப். 1,800, தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சமான 1,250 ரூபாயை மாதத்துக்குப் பிரித்தால் 210 அளவு. இவற்றைச் சேர்த்தால் மொத்தச் சம்பளம் ஏறத்தாழ 23,700 இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். அதைத் தாண்டினால் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பு போய்விடும். 20,800 வாங்கும்போது ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்த சர்க்கரை வியாதிக்கு 21,500 வாங்கும்போது கைக்காசு போட வேண்டும். சம்பள உயர்வு பேசும்போது இதைச் சேர்த்துப் பேசுங்கள். மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளுமா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

அரசு அறிவித்திருக்கும் தொகை இதற்குப் பக்கத்தில் வருகிறதா?

மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வரும் கட்டுமானம், துப்புரவு, சுமை தூக்குதல் போன்ற வேலைகளில், பெருநகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதியில் திறன்சாராத் தொழிலாளருக்கு 2024 அக்டோபர் 1 முதல் நாளுக்கு 783 ரூபாய் என்று இருந்தது. மாதம் 20,358. பக்கத்தில் வருகிறது. ஆனால் 2019இல் மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு நாட்டுக்கு என்று பரிந்துரைத்தது நாளுக்கு 375, மாதம் 9,750 ரூபாய். நகரத்தில் வீட்டுக்காக இன்னொரு 1,430.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக அடிப்படைக் கூலி அறிவித்து, விலைவாசியை ஒட்டி ஏறும் அகவிலைப்படியை (டி.ஏ.) ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் ஏற்றுகிறார்கள். அடிப்படைக் கூலியைப் பல வருடம் திருத்தாமல் விட்டால் அகவிலைப்படி மட்டும் எவ்வளவு ஓடினாலும் எட்டிப் பிடிக்காது. உங்கள் சீட்டில் பேசிக் எவ்வளவு, டி.ஏ. எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். இரண்டையும் ஒரே வரியில் போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஓ.டி. பார்த்தால் சரியாகிவிடுகிறதே?

2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வாழ்வதற்கான கூலிக்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. வழக்கமான வேலை நேரத்தில் செய்யும் வேலைக்கே அந்தக் கூலி கிடைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி.

செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவர் "எனக்கு 17,000 சார், பரவாயில்லை" என்றார். எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். 12. எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்வது ஓ.டி., அதற்கு இரட்டைக் கூலி. அப்படிப் பார்த்தால் எட்டு சாதாரண மணி, நாலு இரட்டை மணி, ஆக நாளுக்கு 16 மணிக்கான கூலி. 17,000இல் எட்டு மணிக்கு உரிய பங்கு பாதிதான், 8,500 ரூபாய். காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அவர் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் ரெண்டு ஆள் வேலை பாக்கறேன்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ரேஷன், மகளிர் உரிமைத் தொகை, இலவசப் பேருந்து எல்லாம் கிடைக்கிறதே, கழிக்க வேண்டாமா?

பொருளாக, தவறாமல் வருவதைச் செலவுப் பக்கத்திலேயே குறைத்துக்கொள்ளலாம். மேலே ரேஷன் அரிசியையும் பேருந்தையும் அப்படித்தான் குறைத்தேன். பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் இருப்பதால்தான் அடுப்படிக் கணக்கு 11,300இல் நிற்கிறது. இந்தத் திட்டங்கள் இல்லாத ஊரில் இதே குடும்பம் இன்னும் சில ஆயிரம் தேட வேண்டியிருக்கும், இதைத் தமிழ்நாட்டின் பெருமையாகவே சொல்வேன்.

ஆனால் மகளிர் உரிமைத் தொகையான 1,000 ரூபாயைக் கூலியில் கழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அது அந்தப் பெண்ணின் கைக்கு என்று அரசு கொடுப்பது, முதலாளிக்குக் கொடுக்கும் மானியம் அல்ல. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கு இவற்றில் பல கிடைப்பதும் இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு கணக்கா?

நகரத்துக்கு வெளியே குடிபோனால் வாடகை குறையுமே?

குறையும். அந்தப் பணம் நேரமாகவும் பயணமாகவும் திரும்பப் போகும். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் இதை நன்றாக அறியும். சிந்தாதிரிப்பேட்டையில் நடந்து போய் மூன்று வீட்டில் வேலை பார்த்த பெண், அங்கே போன பிறகு ஒரு வீட்டுக்குத்தான் வர முடிகிறது. பேருந்து இலவசம்தான். போக வர மூன்று மணி நேரம் ஆகிறதே, அதை யார் கொடுப்பது?

வாடகை வீட்டில் இன்னொரு செலவு அட்வான்ஸ். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் பொதுவான அளவாக வைக்கிறது, ஆனால் இருவரும் வேறாக ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம். ஐந்து, பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இன்றும் சாதாரணம். தண்டலில் வாங்கி அட்வான்ஸ் கட்டியவர்கள் நிறையப் பேர். வட்டி மாதா மாதம் போகும், அட்வான்ஸ் அப்படியே கிடக்கும், காலி செய்யும்போது பெயிண்ட் காசு கழித்துக்கொண்டு கொடுப்பார்கள்.

கடன் தவணையைக் கணக்கில் சேர்க்கலாமா?

தனியாக எழுதுங்கள். தவணை என்பது போன வருடங்களில் குறைந்த சம்பளத்தை நீங்கள் வட்டியோடு கட்டுவது. வாழ்வதற்கான கூலிக்குள் அதைச் சேர்த்தால் கணக்கு குழம்பும். ஆனால் எழுதாமல் விடவும் கூடாது. அந்தப் பள்ளிக்கரணை அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு குழு லோன் அட்டைகள் வைத்திருந்தார். செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தது. முதல் கடன் எதற்கு என்று கேட்டேன். பெரியவனுக்கு டெங்கு வந்தபோது தனியார் மருத்துவமனையில் கட்டியது.

கூலி சில ஆயிரம் குறைந்தால் உண்மையில் என்ன ஆகும்?

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து நடந்த போராட்டம் அது. 23,000 ரூபாய் அளவில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், இனி 17,000 அளவுதான் வரும் என்றார்கள். மேலே உள்ள கணக்கில் 6,000 ரூபாயை அடித்துப் பாருங்கள். பிள்ளைகளின் 1,700, மருத்துவம் 1,000, மாமியாரின் 2,000, சேமிப்பு 1,550 நாலையும் அடித்தாலே 6,250தான் ஆகிறது.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம். நாங்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் மனசுக்கு நிறைவாக இருக்கும். 23,700 ரூபாயை 26 நாள், எட்டு மணி என்று 208 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 114 வருகிறது. பாத்திரம், பெருக்கித் துடைப்பது சேர்ந்து ஒன்றரை மணி என்றால் மாதம் 39 மணி, 4,446 ரூபாய். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரம் இதில் இல்லை. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுப்பு, உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடிக்காமல் இருப்பது, இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை சின்னது, இவ்வளவு கட்டுப்படியாகாதே?

சில கடைகளுக்கு உண்மையிலேயே ஆகாது, தெரியும். அப்போதும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், இரண்டு வருடத்தில் எப்படி எட்டுவது என்று ஊழியரோடு உட்கார்ந்து பேசலாம். மதியச் சாப்பாடு, பஸ் பாஸ், பள்ளி திறக்கும் ஜூனில் வட்டியில்லா முன்பணம் ஆகியவை உடனே முடிகிறவை. அதுவரை பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் வெளியூரில் எங்காவது நடந்திருக்கிறதா?

லண்டனில் நடந்தது. 2001இல் கிழக்கு லண்டனின் மக்கள் அமைப்புகள் தொடங்கிய இயக்கம் அது. அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் சுத்தம் செய்கிறவர்களின் கூலியை முன்வைத்துப் பேசினார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் வீட்டுச் செலவைக் கணக்கிட்டு லண்டனுக்கு ஒன்று, மற்ற பகுதிகளுக்கு ஒன்று என்று இரண்டு தொகை அறிவிக்கிறார்கள். 2025 அக்டோபரில் அறிவித்தது லண்டனுக்கு மணிக்கு 14.80 பவுண்டு, வெளியே 13.45. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சம் 12.21. கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, ஆனாலும் பல ஆயிரம் நிறுவனங்கள் தாமாக ஏற்றுக் கொடுக்கின்றன. நகரத்துக்குத் தனித் தொகை என்பதுதான் நாம் அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது. சென்னைக்கும் செங்கத்துக்கும் ஒரே எண் பொருந்தாது.

கணக்கை எப்போது திருத்த வேண்டும்?

வருடத்துக்கு ஒருமுறை முழுதாக, ஜூனுக்கு முன்னால். நடுவில் வாடகை, பால், கேஸ் மூன்றில் எது ஏறினாலும் அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும். பள்ளிக்கரணை அக்கா போன மாதம் வந்திருந்தார். வீட்டுக்காரர் 500 ரூபாய் ஏற்றிவிட்டாராம். நோட்டில் 8,500ஐ அவரே அடித்துவிட்டு 9,000 என்று எழுதியிருந்தார். சேமிப்பு வரியையும் 25 ரூபாய் கூட்டியிருந்தார். அதற்குக் கீழே, 1.5ஆல் வகுத்து, "ஆளுக்கு 350" என்று பென்சிலில் எழுதியிருந்தது.